"அவங்க அப்படித்தான்" என்று சொல்வதற்கு முன்

"தோட்டத்து ஆளுங்க அப்படித்தான்."

மலாக்காவில் பிறந்து வளர்ந்த தமிழர் யாரும் இதைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. ஜாசினில் ஒரு கல்யாணப் பந்தியில் கொஞ்சம் தள்ளுமுள்ளு ஆனால் யாராவது சொல்வார்கள். பள்ளிக்கூடப் பெற்றோர் கூட்டத்தில் மூன்று நாளாக வராத பையனைப் பற்றிப் பேச்சு எழுந்தால் சொல்வார்கள். சொல்பவர் பெரும்பாலும் நம்மவர்தான். அவருடைய தாத்தாவே மெர்லிமாவ் பக்கமோ தெபோங் பக்கமோ ரப்பர் மரத்தில் பால் வெட்டியவராக இருப்பார்.

என் மகள் கல்லூரியில் உளவியல் முதலாண்டு படிக்கிறாள். அவளுடைய அறிமுகப் பாடப்புத்தகத்தை நானும் கூடவே படித்து வருகிறேன். மூளை, உறக்கம், கற்றல், நினைவு, நுண்ணறிவு, ஆளுமை, சமூகம் என்று அத்தியாயங்கள் போகின்றன. ஆய்வுகள் பெரும்பாலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடந்தவை. ஆனாலும் பக்கத்துக்குப் பக்கம் எனக்கு எங்கள் தோட்டத்து லயம்தான் கண்ணில் படுகிறது. அந்த ஒரு வாக்கியத்தை என்ன செய்வது என்று பல வருடமாக மனதில் உறுத்திக்கொண்டிருந்தது. இந்தப் புத்தகத்தில் அதற்கான பதில் துண்டு துண்டாகக் கிடக்கிறது. நீளமான பதிவுதான். பொறுமையாகப் படியுங்கள்.

முதல் துண்டு சமூக உளவியல் அத்தியாயத்தில் இருக்கிறது. 1967-இல் எட்வர்டு ஜோன்ஸ், விக்டர் ஹாரிஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் மாணவர்களிடம் சில கட்டுரைகளைக் கொடுத்தார்கள். சில கட்டுரைகள் கியூபாவின் காஸ்ட்ரோவை ஆதரித்தன, சில எதிர்த்தன. எழுதியவருடைய உண்மையான எண்ணம் என்னவாக இருக்கும் என்று ஊகித்துச் சொல்ல வேண்டும். எழுதியவர் தன் விருப்பப்படி எழுதினார் என்றால் இதில் குழப்பமே இல்லை. ஆனால் "இந்தப் பக்கம்தான் எழுத வேண்டும் என்று அவருக்குச் சொல்லப்பட்டது" என்று தெளிவாகத் தெரிவித்த பிறகும், ஆதரித்து எழுதியவர் உள்ளுக்குள்ளும் ஆதரவாளராகத்தான் இருப்பார் என்ற பக்கமே மாணவர்கள் சாய்ந்தார்கள். கட்டளை கண்ணெதிரே இருந்தும் கணக்கில் சேரவில்லை. பத்து வருடம் கழித்து, 1977-இல், லீ ராஸ் இதை மனிதர்கள் செய்யும் அடிப்படைப் பிழை என்றே பெயரிட்டார். ஒருவர் செய்வதைப் பார்த்ததும் நாம் அவருடைய குணத்தைத் தேடுகிறோம். அவர் எந்த இடத்தில், யாருடைய கட்டளைக்குக் கீழே நின்று செய்தார் என்பது நமக்குப் பிறகுதான் தோன்றுகிறது, சில சமயம் தோன்றுவதே இல்லை.

எங்கள் அப்பா விடியற்காலை நாலு மணிக்கு எழுவார். பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரையில் இறங்குவார். வெட்டி முடித்து, மங்குகளில் பால் நிறையும்வரை காத்திருந்து, வாளியில் சேர்த்துக் காண்டாவில் தூக்கி, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு வந்து சேரும்போது மதியம் தாண்டியிருக்கும். குளித்துச் சாப்பிட்டுப் படுப்பார். பட்டணத்திலிருந்து சொந்தக்காரர்கள் வருவது அந்த நேரத்தில்தான். "பட்டப்பகலிலேயே தூங்குறாங்களே!" என்று ஒருவர் சொன்னது இன்றும் என் காதில் இருக்கிறது. நாலு மணிக்கு, சொன்னவர் தூங்கிக்கொண்டிருந்தார். அதனால் அவருக்கு அந்தக் காலை தெரியாது. பார்த்தது தூக்கத்தை மட்டும்.

இங்கே புத்தகம் ஒரு முக்கியமான குறிப்பையும் சேர்க்கிறது. இந்தப் பிழை எல்லா ஊரிலும் ஒரே அளவில் இல்லை. ஜோன் மில்லர் என்ற ஆய்வாளர் 1984-இல் வெளியிட்ட ஆய்வில் அமெரிக்கர்களையும் மைசூரில் வாழும் இந்துக்களையும் ஒப்பிட்டார். தெரிந்தவர் ஒருவர் செய்த நல்லதையோ கெட்டதையோ சொல்லி, ஏன் அப்படிச் செய்தார் என்று விளக்கச் சொன்னார். சிறு பிள்ளைகளிடம் பெரிய வேறுபாடு இல்லை. வயது ஏற ஏற, அமெரிக்கர்கள் 'அவர் குணம் அப்படி' என்ற பக்கமும் மைசூர்க்காரர்கள் 'அவர் நிலைமை அப்படி, உறவு அப்படி, கடமை அப்படி' என்ற பக்கமும் நகர்ந்தார்கள். அதாவது சூழலைச் சேர்த்துப் பார்ப்பது நம் பக்கத்து மனிதர்களுக்குப் பழகிய வழி.

அப்படியானால் நம் வாயில் "தோட்டத்து ஆளுங்க அப்படித்தான்" எப்படி வந்தது? தாமஸ் பெட்டிக்ரூ 1979-இல் எழுதியதில் எனக்கு ஒரு விடை கிடைத்தது. ஆள் நம் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்றால், அவர் செய்யும் தவறுக்குச் சூழலைக் காரணம் காட்டுவோம். வேறு கூட்டம் என்று மனதில் பிரித்துவிட்டால், அதே தவறுக்கு ரத்தத்தைக் காரணம் காட்டுவோம். நல்லது செய்தாலோ, "ஏதோ அதிர்ஷ்டம், இவன் மட்டும் விதிவிலக்கு" என்போம். தோட்டத்திலிருந்து ஆயர் குரோவுக்கும் பத்து பிரண்டாமுக்கும் குடிபெயர்ந்து வந்த குடும்பங்கள், பின்னால் விட்டுவந்தவர்களை வேறு கூட்டமாக்கிக்கொண்டன. எனக்கு இதில்தான் அதிக வருத்தம். வெள்ளைக்காரர் சொன்னதை நாம் வாங்கி வைத்துக்கொண்டோம்.

வெள்ளைக்காரர் என்ன சொன்னார் என்று பார்க்க மலாக்காவை விட நல்ல இடம் கிடையாது. மலாயாவில் ரப்பரை வணிகப் பயிராக முதன்முதலில் நட்டது இங்கேதான். சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் இயக்குநர் ஹென்றி ரிட்லி சொல்லிச் சொல்லி, மலாக்காவின் பாபா சீனர் டான் சாய் யான் 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் ஏறத்தாழ 40 ஏக்கரில் கன்று வைத்தார். பிறகு லேடாங் மலையடிவாரத்தில் புக்கிட் அசகான் தோட்டம் பெரிய அளவில் எழுந்தது. ரப்பர் பரவிய இடமெல்லாம் ஆள் தேவைப்பட்டது. கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குப் போய்க் கப்பலேற்றி வந்தார்கள். தமிழர் ஏன் வேண்டும் என்பதற்குத் தோட்ட முதலாளிகளும் அதிகாரிகளும் திரும்பத் திரும்ப எழுதி வைத்த காரணம், தமிழர் சாதுவானவர்கள், சொன்னதைக் கேட்பார்கள் என்பது. மலாய்க்காரர் தோட்டக் கூலிக்கு வர மறுத்ததால் அவருக்குச் சோம்பேறி என்று பெயர். 1977-இல் சையத் ஹுசேன் அலாத்தாஸ் இந்தச் 'சோம்பேறிச் சுதேசி' என்ற கதை எப்படி உருவானது, அது யாருக்குப் பயன்பட்டது என்று ஒரு முழு நூலே எழுதினார். லீ ராஸ் ஆய்வகத்தில் கண்ட பிழைக்குப் பெயர் வைத்த அதே ஆண்டு, அலாத்தாஸ் அதே பிழை ஓர் ஆட்சியின் கொள்கையாக இருந்ததைக் காட்டினார். இவர்கள் இருவரும் எழுதியதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

சாதுவான குணமா? கடனோடு கப்பலேறியவர், கங்காணி கையில் பேர் இருப்பவர், தோட்டத் துரை வேலையை நிறுத்தினால் அன்றைக்கே வீட்டையும் இழப்பவர் எப்படி நடந்துகொள்வார்? சூழலின் பிடி எங்கே தளர்ந்ததோ அங்கே அந்தக் 'குணமும்' தளர்ந்தது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தபோது தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைகளில், சீனத் தொழிலாளருக்கு இணையான சம்பளம், கள்ளுக்கடைகளை மூடுவது, பெண்களிடம் அத்துமீறாமல் இருப்பது ஆகியவற்றோடு இன்னொன்றும் இருந்தது: துரை எதிரே வரும்போது சைக்கிளிலிருந்து இறங்க வேண்டியதில்லை என்று ஆக வேண்டும். நம் மலாக்காவில் 1967-இல் புக்கிட் அசகான் தோட்டத் தொழிலாளர்கள் தங்கள் குறையைச் சொல்லக் கோலாலம்பூரை நோக்கிக் கால்நடையாகவே புறப்பட்டார்கள். இன்று நெடுஞ்சாலையில் காரில் போனாலே ஏறக்குறைய இரண்டு மணி நேரம். அந்த நடையை நம் பிள்ளைகளின் எந்தப் பாடத்திலும் நான் பார்த்ததில்லை. சாது என்ற சொல் மட்டும் எல்லோருக்கும் மனப்பாடம்.

அடுத்து, சேமிப்பு. "நம்மாளுங்களுக்குக் காசு கையில நிக்காது." இதுவும் பழகிய வசனம். புத்தகத்தில் வால்டர் மிஷெல் ஸ்டான்ஃபோர்டு பாலர் பள்ளியில் நடத்திய மிட்டாய்ச் சோதனை வருகிறது. நாலைந்து வயதுக் குழந்தை முன்னால் ஒரு மிட்டாயை வைத்து, "நான் திரும்பி வரும்வரை சாப்பிடாமல் இருந்தால் இரண்டு தருவேன்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். காத்திருந்த குழந்தைகள் பிற்காலத்தில் நன்றாகப் படித்தார்கள் என்று பிறகு வந்த செய்தி உலகம் முழுவதும் பரவியது. மன உறுதி பிறவியிலேயே வர வேண்டும் என்பது போல ஆகிவிட்டது. 2018-இல் இன்னும் அதிகக் குழந்தைகளை வைத்து மீண்டும் பார்த்தபோது, குடும்பப் பின்னணியைக் கணக்கில் எடுத்ததும் அந்தத் தொடர்பு பெரிதும் சுருங்கிவிட்டது.

எனக்கு அதைவிடப் பிடித்தது 2013-இல் ரோச்செஸ்டரில் செலஸ்ட் கிட் குழு செய்தது. மிட்டாய் வைப்பதற்கு முன் ஒரு சின்ன வேலை. "இந்தப் பழைய வர்ணக்குச்சியை வைத்துக்கொள். கொஞ்சம் பொறுத்தால் நல்ல பெட்டி கொண்டுவருவேன்" என்று குழந்தையிடம் சொன்னார்கள். பாதிப் பேருக்குக் கொண்டுவந்தார்கள். மீதிப் பேரிடம் "மன்னித்துக்கொள், இல்லை" என்று வெறுங்கையோடு வந்தார்கள். அதற்குப் பிறகுதான் மிட்டாய். வாக்கு காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்த குழந்தைகள் 3 நிமிடம். ஒரே ஊர், ஒரே வயது. மாறியது எதிரே இருப்பவரை நம்பலாமா என்பது மட்டும்.

இதைப் படித்ததும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். எங்கள் வீட்டில் விடியற்காலை மழைச் சத்தம் கேட்டால் எனக்கு மகிழ்ச்சி, அம்மா வீட்டில் இருப்பார். அம்மாவுக்குக் கலக்கம். மரம் நனைந்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லை என்றால் அன்றைய சம்பளமும் இல்லை. அதற்கு மேல் ரப்பர் விலை வேறு. லண்டனிலோ சிங்கப்பூரிலோ யாரோ முடிவு செய்யும் விலை எங்கள் அரிசிப் பானையில் தெரியும். அடுத்த மாதம் என்ன வரும் என்று தெரியாத வீட்டில், இன்று கையில் இருப்பதை இன்று பயன்படுத்துவது அறிவுள்ள கணக்குதான். அதே லயத்தில் பெண்கள் ஒன்று சேர்ந்து சீட்டுப் போட்டார்கள். மாதா மாதம் ஆளுக்கு இவ்வளவு என்று கொடுத்து, முறை வரும்போது மொத்தமாக எடுத்துக்கொள்வார்கள். என் அம்மா பால் பவுடர் வாங்காமல் இருந்திருக்கிறார், சீட்டுப் பணம் தராமல் இருந்ததில்லை. பக்கத்து வீட்டு அக்கா ஏமாற்ற மாட்டார் என்று அவருக்குத் தெரியும். நம்பிக்கை இருந்த இடத்தில் சேமிப்பும் இருந்தது.

இதையே நாடு தழுவிச் செய்து காட்டியவர் அன்றைய அரசியல் தலைவர் துன் வீ.தி. சம்பந்தன். வெள்ளைக்கார நிறுவனங்கள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டாடி விற்க, தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்து நின்ற காலம். 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. ஒரு பங்கு 100 வெள்ளி, மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம். தோட்டம் தோட்டமாகப் போய் அவர் பேசினார். கையில் காசு நிற்காதவர்கள் என்று பேர் எடுத்த மனிதர்கள் மாதம் பத்துப் பத்தாகக் கட்டித் தோட்டங்களையே வாங்கினார்கள். முதலில் வாங்கியது கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம்.

நினைவு பற்றிய அத்தியாயத்தில் ஹென்றி மொலேசன் என்றொருவர் வருகிறார். வலிப்பு நோய்க்காக 1953-இல் அவருக்கு மூளையில் அறுவை செய்தார்கள். அதன்பின் புதிதாக எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. பிரெண்டா மில்னர் அவரிடம் கண்ணாடியில் மட்டும் பார்த்து நட்சத்திரக் கோடு வரையும் பயிற்சியைக் கொடுத்தார். ஒவ்வொரு நாளும் "இதை நான் செய்ததே இல்லை" என்பார். ஆனால் கை நாளுக்கு நாள் தேறியது. தெரிந்ததைச் சொல்லும் நினைவு வேறு, கை செய்யும் நினைவு வேறு என்று அதிலிருந்து புரிந்தது.

எங்கள் பெரியம்மாவுக்குக் கடைசி வருடங்களில் மறதி நோய். பெம்பானில் மகன் வீட்டில் இருந்தார். பேரன் பேர் தெரியாது. பின்பக்கத்து மாமரத்தடியில் நின்று, இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாகக் கட்டை விரலால் ஒரு சாய்கோடு இழுப்பார். அதே சாய்வு, அதே நீளம். ரப்பர் மரத்தில் அப்படித்தான் வெட்ட வேண்டும். பட்டைக்குள் பால் குழாய்கள் லேசாகச் சாய்ந்து ஓடுகின்றன. இடம் மேலே, வலம் கீழே என்று வெட்டினால் அதிகக் குழாய்கள் அறுபடும். மெல்லிய சீவல்தான் எடுக்க வேண்டும். கத்தி கொஞ்சம் ஆழமாகப் போய் உள்ளே வளரும் அடுக்கில் பட்டால் மரம் காயப்பட்டு முண்டு முண்டாகும். இருட்டில், கொசுக்கடியில், நூற்றுக்கணக்கான மரங்களில் தினமும் இதைச் செய்தவர்களைச் 'சாதாரணக் கூலி' என்று எழுதி வைத்தார்கள். பால் குழாய் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பெரியம்மா படித்ததில்லை. அவர் மணிக்கட்டுக்குத் தெரிந்திருந்தது.

குடியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் தனிப் பதிவே வேண்டும். வியட்நாம் போரில் ஹெராயினுக்கு அடிமையான அமெரிக்கச் சிப்பாய்களை லீ ராபின்ஸ் ஊர் திரும்பிய பின் தொடர்ந்து பார்த்தார். எல்லோரும் பயந்ததற்கு மாறாக, மிகப் பெரும்பாலோர் மீண்டும் அடிமையாகவில்லை. போர்க்களமும் அது தந்த தனிமையும் போனதும் பழக்கமும் போனது. தோட்டங்களில் கள்ளுக்கடை எங்கே இருந்தது, யார் அனுமதியில் இருந்தது என்று யோசியுங்கள். அதை மூடச் சொல்லிக் கேட்டவர்களும் தொழிலாளர்கள்தான். நாலு நம்பர் லாட்டரி எடுக்கும் பழக்கத்துக்கும் உளவியலாளர் ஸ்கின்னர் விளக்கம் தருகிறார்: எப்போது விழும் என்று தெரியாத பரிசுதான் பழக்கத்தை மிக ஆழமாக ஊன்றும். இதில் இனம் ஒன்றும் இல்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். குடித்துவிட்டு மனைவியை அடிப்பவனுக்கு நான் சூழலைச் சொல்லி வக்காலத்து வாங்கவில்லை. அதே லயத்தில், அதே சம்பளத்தில், கை ஓங்காத ஆண்கள் இருந்தார்கள். காரணத்தைத் தேடுவது குற்றத்தைக் கழுவுவது ஆகாது. ஒரு வீட்டில் நடப்பதற்கு அந்த ஆளைக் கேள்வி கேட்க வேண்டும். நூறு வீட்டில் நடந்தால் இடத்தையும் கேட்க வேண்டும்.

இனி பள்ளிக்கூடம். எனக்கு மிக நெருக்கமான இடம், ஏனென்றால் நான் மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். 1968-இல் ராபர்ட் ரோசெந்தாலும் லெனோர் ஜேக்கப்சனும் ஒரு கலிஃபோர்னியப் பள்ளியில் செய்த ஆய்வு புகழ்பெற்றது. ஆசிரியர்களிடம், "இந்தப் பிள்ளைகள் இந்த வருடம் நன்றாக மலரப் போகிறார்கள் என்று சோதனையில் தெரிகிறது" என்று ஐந்தில் ஒரு பங்குப் பிள்ளைகளின் பெயரைக் கொடுத்தார்கள். உண்மையில் அந்தப் பெயர்கள் குலுக்கலில் எடுத்தவை. வருட முடிவில், முக்கியமாக முதல் இரண்டு வகுப்புகளில், அந்தப் பிள்ளைகளின் மதிப்பெண் மற்றவர்களை விட ஏறியிருந்தது.

இந்த ஆய்வைச் சிலர் மந்திரம் போல மேடைகளில் சொல்கிறார்கள். அது சரியில்லை. ஆய்வு முறை மீது கடும் விமர்சனங்கள் வந்தன. ஸ்டீபன் ராடன்புஷ் 1984-இல் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, ஆசிரியருக்கு அந்தப் பிள்ளையை ஏற்கெனவே இரண்டு வாரத்துக்கு மேல் தெரியும் என்றால் விளைவு மறைந்துவிடுகிறது என்று கண்டார். பொதுவாகப் பார்த்தால் எதிர்பார்ப்பின் பலம் சிறியது. ஆனால் லீ ஜஸ்ஸிமும் கென்ட் ஹார்பரும் 2005-இல் எல்லாவற்றையும் தொகுத்து எழுதியபோது, ஏற்கெனவே இழிவாகப் பார்க்கப்படும் கூட்டத்துப் பிள்ளைகளிடம் அந்தப் பலம் கூடுகிறது என்றும் காட்டினார்கள். நமக்கு வேண்டிய வரி அதுதான். பிள்ளையை அறிந்துகொள்ளும் முன்னால், முதல் இரண்டு வாரத்தில், ஆசிரியர் மனதில் என்ன இருக்கிறது என்பது தோட்டத்துப் பிள்ளைக்கு மற்றவர்களைவிடக் கனமாக விழுகிறது.

தமிழ்ப்பள்ளி முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். எங்கள் காலத்தில் மலாய் மொழியில் மதிப்பெண் போதாவிட்டால் ஒரு வருடம் புகுமுக வகுப்பு. நோக்கம் மொழி உதவிதான். பிள்ளைக்கு விளங்கியது வேறு: "நான் மக்கு." அடுத்த வருடம் மதிப்பெண்படி பிரித்துக் கடைசி வகுப்பில் போட்டார்கள். அந்த வகுப்பில் யார் அதிகம் இருந்தார்கள் என்பதை எல்லா ஆசிரியரும் பார்த்தார்கள். பார்த்ததை வைத்து அடுத்த வருடப் பிள்ளையை எதிர்பார்த்தார்கள்.

மூன்று மொழியில் குழந்தை குழம்புகிறதே என்று தாய்மார்கள் என்னிடம் கேட்பதுண்டு. ஒரு காலத்தில் உளவியலாளர்களே அப்படித்தான் நம்பினார்கள். 1962-இல் மொன்றியாலில் எலிசபெத் பீலும் வாலஸ் லேம்பெர்ட்டும் பத்து வயதுப் பிள்ளைகளைச் சோதித்தார்கள். குடும்ப வசதி ஒத்த பிள்ளைகளை ஒப்பிட்டபோது, பிரெஞ்சும் ஆங்கிலமும் நன்றாகத் தெரிந்தவர்கள் ஒரே மொழிக்காரர்களை விட மேலாகவே செய்தார்கள். முந்தைய ஆய்வுகள் ஏழைக் குடியேறிகளின் பிள்ளைகளை வசதியான ஒருமொழிப் பிள்ளைகளோடு நிறுத்தி, வறுமையின் விளைவை மொழியின் தலையில் கட்டியிருந்தன. இருமொழியால் மூளைக்கு எவ்வளவு நன்மை என்பதில் இன்றும் வாதம் நடக்கிறது. தீமை என்ற பயத்துக்கு மட்டும் ஆதாரம் இல்லை. இன்னொன்றும் தாய்மார்கள் தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் பிள்ளையின் சொற்களை ஒரு மொழியில் மட்டும் எண்ணினால் குறைவாகத் தெரியும். தமிழில் தெரிந்தது, மலாயில் தெரிந்தது, ஆங்கிலத்தில் தெரிந்தது எல்லாம் சேர்த்து எண்ண வேண்டும். நுண்ணறிவுச் சோதனையைத் தொடங்கிவைத்த ஆல்ஃபிரெட் பினேயே 1905-இல் அதைச் செய்தது, உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டுபிடிக்கத்தான். அந்த எண்ணை நிரந்தர முத்திரையாக்குவதை அவர் எதிர்த்தார்.

கடைசியாக, என்னை மிகவும் பாதித்த பகுதிக்கு வருகிறேன். மீண்டும் 1967. அசகான் தொழிலாளர்கள் நடந்த அதே ஆண்டு, பென்சில்வேனியாவில் மார்ட்டின் செலிக்மேனும் ஸ்டீவன் மையரும் நாய்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு கூட்டம் நாய்களுக்கு மின் அதிர்ச்சி கொடுத்தபோது தலையால் ஒரு பலகையை அழுத்தினால் அது நிற்கும். இன்னொரு கூட்டத்துக்கு அதே அளவு அதிர்ச்சி, ஆனால் எதை அழுத்தினாலும் நிற்காது. பிறகு எல்லா நாய்களையும், தாழ்வான தடுப்பைத் தாண்டினாலே தப்பிவிடலாம் என்ற பெட்டியில் விட்டார்கள். முதல் கூட்டம் தாண்டியது. இரண்டாம் கூட்டத்தில் பெரும்பாலானவை, தாண்டாமல் படுத்துக்கொண்டு அதிர்ச்சியை வாங்கிக்கொண்டன. படிக்கவே மனசு வலிக்கும் சோதனை. என்ன செய்தாலும் பயனில்லை என்று அவை கற்றுக்கொண்டன என்பது அன்றைய விளக்கம். அதிலிருந்து பல தலைமுறை மாணவர்கள் 'கற்ற கையறுநிலை' என்று படித்தார்கள்.

பல்கலைக்கழகத்துக்கு வழியான மெட்ரிகுலேஷன் விண்ணப்பம் நீட்டும்போது, "எதுக்கு டீச்சர், நமக்கு எங்க கிடைக்கப் போகுது" என்று சொல்லும் பிள்ளையிடம் நான் இதைத்தான் பார்த்தேன். அவன் அப்பா பலமுறை அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியவர்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2016-இல் மையரும் செலிக்மேனும், ஐம்பது வருட மூளை ஆய்வுகளைப் பார்த்துவிட்டு, தாங்கள் முதலில் சொன்னது தலைகீழ் என்று எழுதினார்கள். தொடர்ந்து துன்பம் வந்தால் ஒடுங்கிப்போவது உயிரினத்தின் கற்காத, இயல்பான எதிர்வினை. அதை யாரும் கற்றுக்கொள்வதில்லை. கற்றுக்கொள்வது மறுபக்கம்: "நான் செய்வதால் இது மாறுகிறது" என்பதை. அதை மூளையின் முன்பகுதி ஒருமுறை அனுபவத்தில் அறிந்துவிட்டால், ஒடுங்க வைக்கும் பகுதியை அது அடக்குகிறது. பிற்காலத்தில் வரும் வேறு துன்பத்திலும் அந்தப் பாதுகாப்பு நிற்கிறது.

இது விலங்குகளிடம் கண்டது என்பதையும், பாடப்புத்தகத்தின் மனித ஆய்வுகள் பெரும்பாலும் மேற்கத்தியக் கல்லூரி மாணவர்களிடம் செய்யப்பட்டவை என்பதையும் மறக்கவில்லை. அவர்களை வைத்து எல்லா மனிதரையும் பற்றிச் சொல்லலாமா என்று ஜோசப் ஹென்ரிக் குழு 2010-இல் எழுப்பிய கேள்வி நியாயமானது. மலாக்காத் தோட்டங்களிலேயே, தமிழிலேயே, நம் பிள்ளைகள் இந்த ஆய்வுகளைச் செய்ய வேண்டும். என் மகளிடம் அதைத்தான் கேட்டிருக்கிறேன். அதுவரை கையில் இருப்பதை வைத்து நடப்பேன்.

நம் பிள்ளைகளிடம் ஏதோ கெட்டுப்போயிருக்கிறது, அதைச் சரிசெய்ய வேண்டும் என்று நினைத்துத்தான் நாம் ஊக்கவுரை நடத்துகிறோம். "உன்னால் முடியும்" என்று ஒலிபெருக்கியில் கத்துகிறோம். 2016 கட்டுரையைப் படித்த பிறகு எனக்கு ஊக்கவுரைகளில் நம்பிக்கை குறைந்துவிட்டது. பிள்ளை தன் கையால் ஒன்றை மாற்றி, அது மாறியதைக் கண்ணால் பார்க்க வேண்டும். சம்பந்தன் காலத்தில் பங்குச் சீட்டைக் கையில் வாங்கியவர்களுக்கு அது கிடைத்தது. அதை எந்தப் பேச்சும் தராது.

மாலை வகுப்பில் இப்போது எந்தக் கணக்கை முதலில் போடுவது என்பதைப் பிள்ளைகளே முடிவு செய்கிறார்கள். தவறான விடைக்கு நான் சிவப்புக் கோடு போடுவதில்லை. அவர்களே தேடிக் கண்டுபிடித்துத் திருத்தினால் முழு மதிப்பெண். போன வருடம், எங்கள் தாமான் முனையில் தெருவிளக்கு எரியாமல் இருந்தது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் சேர்ந்து மலாயில் கடிதம் எழுதினார்கள். முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை. "சொன்னேன்ல" என்றான் ஒருவன். மின்கம்பத்தின் எண்ணையும் புகைப்படத்தையும் வைத்து இரண்டாவதை எழுதினார்கள். விளக்கு வந்தது. "சொன்னேன்ல" என்றவன்தான் மூன்றாவது கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கிறான், பேருந்து நிறுத்தத்துக்குக் கூரை கேட்டு. பதில் வராவிட்டால் என்ன செய்வது என்பதையும் பின்பக்கத்தில் குறித்திருக்கிறார்கள்: இரண்டு வாரம் பொறுப்பது, பிறகு மழை நாளில் ஒரு படம் எடுத்து அனுப்புவது, அதற்கும் வராவிட்டால் பள்ளி விடுமுறையில் நேரில் போவது, கூட வர இரண்டு அம்மாக்களைக் கேட்பது. இரண்டு அம்மாக்கள் இப்போதே சம்மதம் சொல்லிவிட்டார்கள்.